கோழிக்கு ஆகாத கதிர்

கால்நடைக் கிளை நிலையத்தில் முதல் முறையாகப் பொறுப்பேற்கப் போகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். அங்கே உங்களுக்கு ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், உறைவிந்து வைக்கும் நைட்ரஜன் குடுவை, மாட்டை நிறுத்துவதற்கு ஓர் இரும்புச் சட்டம், ஒரு பதிவேடு எல்லாம் இருக்கும். பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காது. காலையில் மாட்டுக்காரர்கள் வந்து போவார்கள். பதினோரு மணிக்கு மேல் அநேகமாக யாரும் வர மாட்டார்கள். கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு, மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார வேண்டும். பயிற்சியில் இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் நீங்கள் செய்யும் தவறுகளில் பாதி இதனால்தான் வரும். நினைத்ததைச் சொல்லிப் பார்க்க ஒருவர் இல்லாதபோது, நினைத்ததெல்லாம் சரி என்றே தோன்றும்.

இருபத்தாறு ஆண்டுகள் கால்நடை ஆய்வாளராக இருந்துவிட்டு, சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றேன். புதியவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். மேடையில் பேச எனக்கு வராது. தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் எழுதித் தருவதாகச் சொன்னேன். சினை ஊசி போடும் முறை கை பழகப் பழக உங்களுக்கே வந்துவிடும். அதை விட்டுவிட்டு, நான் தவறிய ஓர் இடத்தை மட்டும் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அப்போது நான் திருச்சுழியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிளை நிலையத்தில் இருந்தேன். வீடு பாளையம்பட்டியில். மனைவி பணி மாறுதலில் வெளி மாவட்டத்தில் இருந்தாள். மகனும் அவளோடு இருந்து படித்தான். காலையில் இரண்டு பஸ் மாறிப் போய், மாலை ஐந்து நாற்பது பஸ்ஸில் திரும்புவேன்.

பருத்தியும் கம்பும் போட்டுக்கொண்டிருந்த கரிசல் காடுகளில் அப்போது மக்காச்சோளம்தான் நின்றது. அந்த ஆண்டு மார்கழிக் கடைசியில், கதிர் முற்றிக் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. நம் பக்கத்தில் மழையைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. என் நாட்குறிப்பிலும் ‘நல்ல மழை’ என்றுதான் இருக்கிறது.

தை மாதக் கடைசியில் பேச்சியம்மாள் தன் பசுவைப் பிடித்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். நாற்பது வயதைக் கடந்தவர். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகளைச் சாத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். வீட்டில் ஒரு கலப்பினப் பசுவும், அது ஈன்ற ஒரு கிடாரியும் இருந்தன. பசுவுக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. அது மறுபடி சினை பிடித்தால்தான் அவருக்கு அடுத்த பால். பகலில் மக்காச்சோளக் காடுகளுக்குக் கதிர் ஒடிக்கப் போவார்.

“மாடு எப்பம்மா கத்த ஆரம்பிச்சது?” என்று கேட்டேன்.

“நேத்து பொழுதடைய சார்.”

“இப்ப மணி அஞ்சு. காலையிலயே கொண்டுவந்திருக்கணும்ல?”

“ஏழு மணிக்கு வேலைக்குக் கூப்பிட வண்டி வந்துருது சார். ஒருநா நின்னா மறுநா கூப்பிட மாட்டாக.”

மாலையில் பருவம் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி போட வேண்டும். இது உங்களுக்குத் தெரியும். அரை நாள் தாமதம் என்றாலும் ஊசி போட்டேன். பதிவேட்டில் மாட்டின் அடையாளம், பருவம் தெரிந்த நேரம், ஊசி போட்ட நேரம், உறைவிந்தின் எண் எல்லாவற்றையும் எழுதி, குறிப்பு என்ற கட்டத்தில் ‘காலதாமதமாகக் கொண்டுவரப்பட்டது’ என்றும் எழுதினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பதிவேடு எழுதப் பழக்கியவர், ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடக் கூடாது என்பார். அவர் பெயரைச் சொல்ல வேண்டாம். நான் அந்தக் கட்டங்களை ஒருநாளும் வெறுமையாக விட்டதில்லை. கட்டம் இல்லாத எதையும் ஒருநாளும் கேட்டதுமில்லை.

மூன்று வாரம் கழித்துப் பசு மறுபடி கத்தியது. சினை நிற்கவில்லை. அன்றும் அவர் மாலையில்தான் வந்தார். பங்குனியில் மூன்றாவது முறையாக வந்தபோது, சுப்பையா தன் மாடுகளுக்குத் தாது உப்பு வாங்குவதற்காக நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். ஊரில் அதிகமாக மக்காச்சோளம் போட்டிருந்தவர் அவர்தான். அவர் வீட்டு மாடு கத்தினால் எனக்குப் போன் வரும். கூடவே என்னை ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டியும் வரும். அவர் மாடுகளுக்கு எப்போதும் சரியான நேரத்தில் ஊசி விழும்.

“என்ன பேச்சி, ஒம் மாட்டுக்கு ஊசியே தீனியாப் போச்சு போல” என்றார் சுப்பையா.

“தீனிக்குத்தான அண்ணாச்சி ஒங்க காட்டுக்கு வாரேன்.”

“காட்டுக்கு வந்தா மட்டும் பத்தாது தாயி. மாட்டையும் ஏறிட்டுப் பாக்கணும். அது எப்பக் கத்துதுன்னாவது தெரியணும்ல?”

“மாடு என்ன, ஒங்க போனுல மணி அடிக்கிற மாதிரியா கத்துது?”

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நாட்குறிப்பில் இல்லை, நினைவில் இருக்கிறது. மூன்றாவது ஊசியையும் போட்டேன். பதினெட்டு நாளில் அதே பசு மீண்டும் வந்து நின்றபோது, “இனிமே ஊசி போட்டுப் பிரயோசனம் இல்லம்மா. இது நிக்காது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சித்திரைப் பிறப்புக்குப் பின் ஒரு மாலை பேச்சியம்மாள் கிடாரியை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார்.

“பெரிய மாடு எங்கம்மா?”

“ஏத்தி விட்டுட்டேன் சார்.”

அடிமாட்டு லாரி திங்கட்கிழமை வந்து போயிருந்தது. பால் இல்லாத, சினையும் நிற்காத பசுவை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். “நீங்கதான சொன்னீக, நிக்காதுன்னு” என்றார் அவர். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை. மருந்தின் பெயரைச் சொல்லிக் காட்டுவதுபோலச் சொன்னார்.

கிடாரிக்குப் பின்புறம் நன்றாக வீங்கிச் சிவந்திருந்தது. முதல் பருவம் என்று நினைத்து ஊசி போட்டேன். பத்து நாளில் திரும்பக் கொண்டுவந்தார். “மறுபடி கத்துது சார். எந்நேரமும் மத்த மாட்டு மேல தாவுது. வீக்கமும் வத்தல. இன்னொண்ணு சார், இதுக்கு மடி விடுது. சினையா இருக்குமோன்னு பாத்தேன்.”

கைவிட்டுப் பார்த்தேன். சினை இல்லை.

இங்கே நிறுத்திச் சொல்கிறேன். மாட்டுக்குப் பருவம் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வரும். பத்து நாளில் வராது. சினைப்படாத கிடாரிக்கு மடி இறங்காது. இரண்டும் என் கண் முன்னால் இருந்தன. ஆனால் அவர் நேரம் தவறுகிறவர் என்று நான் முன்பே எழுதி வைத்திருந்தேன். எனவே பருவம் தெரியாமல் தப்பாகச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். ‘உரிமையாளர் கூறும் பருவ நாள் நம்பத்தக்கதாக இல்லை’ என்று குறிப்புக் கட்டத்தில் எழுதினேன். அழகான கையெழுத்தில்தான் எழுதினேன்.

மேல் மருத்துவமனை டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் பொறுப்பில் அப்போது மூன்று இடங்கள் இருந்தன. “கர்ப்பப்பைத் தொற்றா இருக்கும். மருந்து விட்டுப் பாருங்க. நிக்கலேன்னா வேண்டாம்னு கழிச்சு வித்துரச் சொல்லுங்க” என்றார். அதையே பேச்சியம்மாளிடம் சொன்னேன். அவர் கிடாரியின் முதுகில் ஒட்டியிருந்த சாணியைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டே போனார்.

வைகாசி தொடக்கத்தில் ஒருநாள் பகல் பஸ் வரவில்லை. அருப்புக்கோட்டையில் எனக்கு ஓர் அலுவலகக் கூட்டம் இருந்தது. மெயின் ரோடு வரை நடந்துவிடலாம் என்று கிளம்பினேன். விலை ஏறட்டும் என்று கதிரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தவர்கள் அப்போதுதான் வெளியே எடுத்து, இயந்திரத்தில் உதிர்த்து, மணியை ரோட்டில் பாதி அகலத்துக்குக் காயப் போட்டிருந்தார்கள். ஒரு லாரி நின்றது. நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்கு லோடு ஏற்றும் தரகர் ஒருவர் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, உதிர்க்காத கதிர்க் குவியலைக் காலால் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில பெண்கள் கதிர்களைத் தரம் பிரித்தார்கள். அந்தப் பெண்களில் பேச்சியம்மாள் இல்லை.

நிழலுக்காக நானும் நின்றேன். தரகர் ஒரு கதிரை எடுத்து என்னிடம் நீட்டினார். முனையில் இளஞ்சிவப்பாகப் பூசணம் பூத்திருந்தது. மணிகளுக்கு இடையில் பஞ்சு வைத்ததுபோல இருந்தது.

“இந்த மாதிரி நாலு கதிர் உள்ள போச்சுன்னா போதும் சார், மொத்த லோடையும் திருப்பி விட்டுருவாக.”

“ஏன்? கோழி செத்துப் போகுமா?”

“சாகாது. முட்டை கொறஞ்சிரும், அது இதுன்னு சொல்வாக. அவுக அதுக்குன்னு ஒரு மெசின் வச்சு சோதிக்காக. நமக்கு எதுக்கு வம்பு? கழிச்சுப் போட்டுருவோம்.”

“கழிச்சத என்ன பண்ணுவீங்க?”

“நான் என்ன பண்ண? ஒடிக்க வந்த பொம்பளைக அள்ளிட்டுப் போயிருவாக, மாட்டுக்கு. காட்டுக்காரவுகளும் ஒண்ணும் சொல்ல மாட்டாக, அது வழக்கந்தான். கோழிக்கு ஆகாட்டி என்ன சார், மாட்டுக்கு வயிறு பெருசுல்ல” என்று சொல்லிச் சிரித்தார்.

கதிர் என் கையில் இருந்தது. பயிற்சிக் காலத்தில் பன்றிகளைப் பற்றிய வகுப்பில் கேட்ட ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. ஈரத்தில் தானியத்தின் மேல் வளரும் ஒரு வகைப் பூசணத்தில் நஞ்சு ஊறும். அந்த நஞ்சு விலங்கின் உடம்புக்குள் போய், பருவத்துக்குக் காரணமான ஹார்மோனைப் போலவே வேலை செய்யும். பின்புறம் வீங்கும், மடி விடும், பருவம் வந்ததுபோலவே எல்லாம் தெரியும். சினை மட்டும் நிற்காது. நம் பக்கம் பன்றிப் பண்ணை இல்லை என்பதால் அதை நான் மறந்தே போயிருந்தேன்.

கூட்டத்துக்குப் போகவில்லை. கதிரைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நிலையத்துக்குத் திரும்பி நடந்தேன். தையிலிருந்து சினை நிற்காமல் திரும்பத் திரும்ப வந்த மாடுகளைப் பதிவேட்டிலிருந்து ஒரு தாளில் எடுத்து எழுதினேன். பதினொரு வீட்டு மாடுகள் தேறின. அந்தத் தாளோடு அன்றும் மறுநாளும் வீடு வீடாகப் போனேன். கேட்டது ஒரே கேள்வி: மாட்டுக்கு என்ன போடுகிறீர்கள்? பதினொன்றில் ஒன்பது வீடுகளில் கதிர் ஒடிக்கப் போன பெண்கள் இருந்தார்கள். ஒன்பது வீடுகளிலும் கழிசல் கதிர் சாக்கில் கிடந்தது. சில வீடுகளில் அந்தக் கதிரோடு, அறுத்த காட்டில் மழையில் நனைந்து கிடந்ததையும் மாடுகள் மேய்ந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்கச் சுப்பையா வீட்டிலும் கேட்டேன்; அங்கே நல்ல சோளத் தட்டையும் கடையில் வாங்கிய தீவனமும் போட்டார்கள். கழிசலைத் தொடுவதில்லை.

அந்த ஒன்பது வீட்டு மாடுகளுக்கும் எதிரே, என் கையெழுத்தில், காலதாமதம் என்று இருந்தது. அதுவும் பொய் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் மாலையில்தான் மாட்டைப் பிடித்துக்கொண்டு வர முடியும். வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் கழிசல் கதிரும் கிடைக்கும். தாமதமும் கதிரும் ஒரே வீட்டுக்குள் சேர்ந்தே போயிருந்தன. எனக்கு நேரத்துக்குக் கட்டம் இருந்தது, எனவே நேரத்தைக் குற்றம் சொன்னேன். உங்கள் பதிவேட்டில் ஒரே வகை மனிதர்களின் பெயருக்கு எதிரே ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால், எழுதுகிற கையை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அவர்களுக்குப் பொதுவாக வேறு என்ன இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள்.

டாக்டருக்கு மறுபடி போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்றது சரியா இருக்கலாம். மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் யாருக்கும் எழுத்துல எதையும் குடுக்காதீங்க. காட்டுக்காரங்க சண்டைக்கு வந்தா நான் வந்து நிக்க முடியாது.”

ரிப்போர்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அன்று சனிக்கிழமை. பேச்சியம்மாள் வீட்டில் இல்லை, கதிர்ச் சாக்கு மட்டும் வாசலில் கிடந்தது; அவர் கிடாரியையும் விலை பேசிக் கொடுத்துவிட்டதாகவும், திங்கட்கிழமை லாரி வந்து ஏற்றிக்கொள்ளும் என்றும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிலையம் கிடையாது. நாள் முழுவதும் பாளையம்பட்டி வீட்டில் இருந்தேன். கிடாரியை நிறுத்தச் சொல்லி, அது சினை பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கோடை முழுவதும் அவர் அதற்குத் தீனி தேட வேண்டும். பிறகு எலும்பும் தோலுமாக அதே லாரிக்குத்தான் கொடுக்க வேண்டும். அது தொற்றாகவும் இருக்கலாம். கிடாரி பிறவி மலடாகவும் இருக்கலாம். என்னிடம் இருந்தது ஒரு கதிரும் ஒரு தாளும் மட்டும். மனைவிக்குப் போன் செய்தேன். மகனுக்குப் பரீட்சை என்றாள். மாட்டைப் பற்றிச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய், நிலையத்தைத் திறக்காமல் நேரே பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். லாரி ஊருக்குள் வந்துவிட்டது. அடுத்த தெருவில் மாடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலில் உட்கார்ந்து கிடாரிக்குக் கதிரைக் கல்லில் தட்டி உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசித் தீனி என்று நல்லபடியாகப் போட்டிருப்பார்போல. கூடை நிறைய இருந்தது.

“அதப் போடாதீங்கம்மா” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பூசணத்தைப் பற்றியும், கோழித் தீவனத்துக்கு அதை எடுப்பதில்லை என்பதையும், மற்ற எட்டு வீடுகளையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, கையிலிருந்த கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கோழிக்கு ஆகாதுன்னு அவுகளுக்குத் தெரியும்?”

“தெரியும்.”

“ஒங்களுக்கு?”

“தெரிஞ்சிருக்கணும். நான் கேக்கல.”

“நான் நேரம் தெரியாதவன்னு எழுதியிருந்தீகல்ல சார். நோட்டு விரிச்சபடியேதான் கெடக்கும். எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். மாட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னப்ப வாசிச்சேன்.”

“அது தப்பு” என்றேன். “இதுக்குக் கதிர நிப்பாட்டி ரெண்டு மாசம் விட்டுப் பாக்கணும். வீக்கம் வத்துனா பெறகு ஊசி போடலாம்.”

“ரெண்டு மாசத்துக்கு எதைப் போட? வைக்கோல் வாங்க நான் என்ன சுப்பையா அண்ணாச்சியா? இந்தக் கதிர் கெடந்ததாலதான் இம்புட்டு நாளும் ஓடிச்சு.”

இதை நான் யோசிக்கவில்லை. நிறுத்தச் சொல்லத்தான் வந்திருந்தேன். நிறுத்திய பிறகு மாடு என்ன தின்னும் என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அவரே கண்மாய்ப் பக்கம் பார்த்தார்.

“கருவேல நெத்து விழுந்து கெடக்கும். ஆட்டுக்காரவுக அள்ளுறதுக்குள்ள போகணும்.”

“நெத்து போடலாம். அதையே நெறைய போடாம, கெடைக்கிற தட்டையோட கலந்து போடுங்க.”

இதற்குள் மாட்டு வியாபாரி வந்துவிட்டார். தோளில் கயிறு. “என்ன, ஊசிக்கார சாரு காலையிலயே? மாட்டுக்கு வழியனுப்பு விழாவா?”

“நிப்பாட்டலாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம்” என்றேன்.

“அட, பெருசுக்கு நிக்காதுன்னு சொன்னதும் நீங்கதான், சிறுசுக்கு நிக்கும்னு சொல்றதும் நீங்கதானா? நல்லாருக்கு சார். நான் லாரிய வச்சுக்கிட்டு எந்த சாரக் கேட்டு ஓட்ட, பழைய சாரையா புது சாரையா?”

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. வியாபாரியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக் கேட்டார். “நிச்சயமா நிக்குமா சார்?”

நிற்கும் என்று சொல்லியிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். “நிச்சயம் கிடையாது. கதிராலதான்னு எனக்குத் தோணுது. ஆதாரம் இல்ல” என்றேன்.

அவர் கிடாரியைப் பார்த்தார். அது கூடையை நோக்கிக் கழுத்தை நீட்டியது. கூடையைக் காலால் தள்ளிவிட்டார்.

“சரி. நிப்பாட்டுதேன். ஆனா நிக்கலேன்னா, அன்னைக்கு லாரி வரும்போது நீங்கதான் வந்து கயித்தப் பிடிச்சு ஏத்தணும். என்னால ஆகாது. ஒண்ண ஏத்திட்டேன்.”

“ஏத்துதேன்” என்றேன். என்னையறியாமல் அவர் பேச்சிலேயே பதில் வந்தது. வியாபாரி கயிற்றைத் தோளில் சரி செய்துகொண்டு, “சாரு கிடாரிக்கு ஜாமீன் நிக்காரு, நான் என்ன சொல்ல” என்று போய்விட்டார்.

மற்ற எட்டு வீடுகளிலும் சொன்னேன். யாரும் நன்றி சொல்லவில்லை. எதிர்பார்க்கவும் கூடாது. கழிசலைப் போட வேண்டாம் என்று நான் சொன்னது காட்டுக்காரர்கள் காதுக்கு, அவர்கள் விஷம் கொடுத்ததாக நான் சொன்னேன் என்று போய்ச் சேர்ந்தது. அவர்கள் கழிசலைக் காட்டிலேயே போட்டுத் தீ வைத்தார்கள். நான் வந்து சொன்னதால் இருந்த தீனியும் போயிற்று என்று பெண்களுக்கும் வருத்தம். சுப்பையாவிடமிருந்து போன் வருவது நின்றது. டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. ஆனி முழுவதும் என் நாட்குறிப்பில் பெரும்பாலான பக்கங்களில் மாடுகளின் எண்ணும் பஸ் நேரமும் மட்டும் இருக்கின்றன. அந்த மாதத்தில் வேலை தவிர்த்து யாரோடு பேசினேன் என்று இப்போது தேடிப் பார்த்தேன். ஒரு கண்டக்டரோடு சில்லறை பற்றிப் பேசியிருக்கிறேன்.

ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. நான் அனுப்பிய அந்த ஒரு கதிர் சோதனைக்குப் போதுமான அளவில் இல்லை, மீண்டும் அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் கழிசல் எல்லாம் எரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு அறுப்பில் மழை இல்லை. எனவே அந்தக் கதிரில் என்ன இருந்தது என்பதற்கு இன்றுவரை என்னிடம் ஆதாரம் கிடையாது. நீங்கள் இப்படி ஒன்றைச் சந்தித்தால், பல கதிர்களிலிருந்து சேர்த்து, ஒரு பையாவது நிறைய மாதிரி எடுங்கள்.

பேச்சியம்மாள் மட்டும் வாரம் ஒரு முறை கிடாரியைப் பிடித்துக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போவார். பேச்சு அதிகம் இருக்காது. மரத்தடியில் காய்ந்து விழுந்த கருவேல நெற்றுகளைப் பொறுக்கியதில் அவர் கையெல்லாம் முள் கீறியிருக்கும். ஆனிக் கடைசியில் வீக்கம் வற்றியது. மடி சுருங்கியது. கிடாரி மெலிந்திருந்தது, விலா எலும்புகளை எண்ணலாம். ஆடியில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு, நான் பூட்டைத் திறக்கும்போது, நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“நேத்து சாயங்காலம் கத்துச்சு சார். இன்னைக்கு வேலைக்குப் போகல.”

ஊசி போட்டேன். மூன்று வாரம் ஆயிற்று, கத்தவில்லை. ஆறு வாரமும் ஆயிற்று. முன்பே கைவிட்டுப் பார்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் அவசரப்படவில்லை. ஐப்பசியில் மூன்று மாதம் முடிந்த பிறகு வந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நிலையத்தில் வேறு யாரும் இல்லை. கிடாரியை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்திவிட்டு, அவர் முன்னால் போய் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு முறை பார்த்தேன்.

“நின்னிருக்கு” என்றேன்.

அவர் கிடாரியின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். நான் கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு அவர் கேட்டார்.

“அப்ப பெருசும் நின்னிருக்கும்ல சார்?”

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் வேறு பதில்கள் இருந்தன. பசுவுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லலாம். கர்ப்பப்பையில் கோளாறு இருந்திருக்கலாம் என்று சொல்லலாம். இப்போது இல்லாத மாட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்று சொல்லலாம். ஒன்றும் பொய்யாகாது, எந்த மேலதிகாரியும் அதைத் தவறு என்று சொல்ல மாட்டார். உங்களிடமும் ஒருநாள் யாராவது இப்படிக் கேட்பார்கள். அப்போது நிலையத்தில் நீங்களும் அவரும் மட்டும்தான் இருப்பீர்கள்.

“நின்னிருக்கும்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சட்டத்தின் குறுக்குக் கம்பியை அவரே விலக்கி, கிடாரியைப் பின்னால் தள்ளி வெளியே கொண்டுவந்தார். “மழை வலுக்கதுக்குள்ள வீடு சேரணும். வாரேன் சார்” என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தன் தலையில் போடாமல் கிடாரியின் முதுகில் போட்டுக்கொண்டு போனார்.

பதிவேட்டில் ‘சினை உறுதி’ என்று எழுதினேன். ஐந்து நாற்பது பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.